அவர்கள் பருத்தியையும் நம் கோரிக்கையாக எடுத்துப் போங்கள்

மதிப்பிற்குரிய ஒன்றிய வணிகத் துறை அமைச்சர் அவர்களுக்கும், ஜெனீவாவில் இந்தியாவின் சார்பில் உட்கார்ந்து பேசும் தூதர் மற்றும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

உலக வர்த்தக அமைப்பில் நம் நெல்லுக்கும் கோதுமைக்கும் ரேஷன் கடைக்கும் நீங்கள் விட்டுக்கொடுக்காமல் நிற்பதை முழு மனதோடு ஆதரிக்கிறவர்களில் நானும் ஒருவன். கரிசல் காட்டில் மானாவாரியாகப் பருத்தி போடும் ஊரைச் சேர்ந்தவன். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன். அடுத்த அமைச்சர்கள் மாநாட்டுக்குப் போகும்போது, நம் அரிசிக் கோரிக்கையோடு ஆப்பிரிக்காவின் பெனின், புர்கினா ஃபாசோ, சாட், மாலி நாடுகளின் பருத்திக் கோரிக்கையையும், அதாவது பணக்கார நாடுகள் பருத்திக்குக் கொடுக்கும் மானியத்தை நிறுத்த வேண்டும் என்பதையும், எடுத்துப் போங்கள். "நாங்களும் ஆதரிக்கிறோம்" என்று அறிக்கையின் கடைசியில் ஒரு வரி சேர்ப்பது போதாது. அது கிடைக்காவிட்டால் நாமும் கையெழுத்துப் போட மாட்டோம் என்று சொல்லும் அளவுக்கு அதை நம்முடையதாக ஆக்கிக்கொள்ளுங்கள்.

ஏன் இவ்வளவு தூரம் போக வேண்டும் என்று கேட்பீர்கள். இருபது வருடத்துக்கு மேலாக இந்த மாநாடுகளில் நடந்ததை வரிசையாக வைத்துப் பார்த்தால், நாம் தோற்ற இடமெல்லாம் வாதத்தில் தோற்ற இடமாகத் தெரியவில்லை. கடைசி ராத்திரி திரும்பிப் பார்க்கும்போது பக்கத்தில் ஆள் இல்லாமல் போன இடங்களாகத்தான் தெரிகின்றன.

2001 நவம்பரில் நடந்த தோஹா மாநாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். முரசொலி மாறன்தான் அன்றைக்கு வணிக அமைச்சர். முதலீடு, போட்டிக் கொள்கை, அரசுக் கொள்முதல், வர்த்தக நடைமுறைகளை எளிதாக்குவது என்று நான்கு புதிய விஷயங்களைப் பேச்சுவார்த்தைக்குள் கொண்டுவர ஐரோப்பிய ஒன்றியம் பிடிவாதமாக நின்றது. உலக வர்த்தக அமைப்பை உருவாக்கிய பழைய உருகுவே சுற்று ஒப்பந்தமே நம்மைப் போன்ற நாடுகளை இறுக்கிக்கொண்டிருந்தபோது புதுச் சுமை எதற்கு என்பது மாறனின் வாதம். தொடக்கத்தில் ஆப்பிரிக்க நாடுகளும் மிகவும் பின்தங்கிய நாடுகளும் அதே பக்கம்தான் நின்றன. ஆனால் ஆப்பிரிக்க, கரீபியன், பசிபிக் நாடுகளுக்கு ஐரோப்பியச் சந்தையில் இருந்த சலுகை தொடர வேண்டுமென்றால் உலக வர்த்தக அமைப்பின் விதிவிலக்கு தேவைப்பட்டது. அது தோஹாவில் முடிவாக வேண்டிய காரியம். விதிவிலக்கு கிடைத்தது, அவர்கள் எதிர்ப்பும் தளர்ந்தது. மாநாடு ஒரு நாள் நீண்டு, கடைசியில் மாறன் கிட்டத்தட்டத் தனியாக நின்றார். அப்படி நின்றும் ஒன்றை வாங்கினார். இந்த நான்கு விஷயங்களில் பேச்சுவார்த்தை தொடங்க வெளிப்படையான ஒருமித்த சம்மதம் வேண்டும், எந்த உறுப்பு நாடும் தடுக்கலாம் என்று மாநாட்டுத் தலைவரை வாயால் சொல்ல வைத்தார். இரண்டு வருடம் கழித்து மெக்சிகோவின் கான்குனில் நடந்த மாநாட்டில் அந்த விளக்கம்தான் எல்லோருக்கும் பிடிமானமாக இருந்தது.

அந்த ஆப்பிரிக்க நாடுகளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஐரோப்பியச் சந்தை அவர்களுக்கு வாழைப்பழம், சர்க்கரை, மீன். அதை இழக்கும் பயத்தில் இருப்பவர்களிடம் நாம் கொள்கையைப் பேசினோமே தவிர, அவர்கள் கையில் கொடுக்க நம்மிடம் என்ன இருந்தது?

2003 செப்டம்பரில் கான்குன். ஆகஸ்ட் 13-ம் தேதி அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் விவசாயத்தில் தங்களுக்குள் ஒத்துப்போய் ஒரு கூட்டு வரைவைக் கொண்டுவந்தன. ஒருவர் மானியத்தை மற்றவர் தொடாமல் விட்டுவைக்கும் ஏற்பாடு அது. ஒரே வாரத்தில் பிரேசில், இந்தியா, அர்ஜென்டினா, தென்னாப்பிரிக்கா, சீனா எல்லாம் சேர்ந்து மாற்று வரைவு வைத்தன. ஜி-20 என்ற அணி அப்படிப் பிறந்தது. (இப்போது தலைவர்கள் கூடிப் படம் எடுத்துக்கொள்ளும் ஜி-20 வேறு.) பிரேசில் தரப்பில் செல்சோ அமோரிம், தென்னாப்பிரிக்கா தரப்பில் அலெக் எர்வின், நம் தரப்பில் அருண் ஜெட்லி. அந்த அணியின் பலம் அதன் ஆவேசத்தில் இல்லை. எந்த மானியத்தை எப்படிக் குறைப்பது, எந்த வரியை எந்தக் கணக்கில் இறக்குவது என்று வரிக்கு வரி எழுதிக் கொண்டுபோனதில் இருந்தது. ஏற்றுமதியில் கண் வைத்திருக்கும் பிரேசிலும், சிறு விவசாயியைக் காப்பாற்றப் பார்க்கும் இந்தியாவும் முன்கூட்டியே உட்கார்ந்து சண்டை போட்டு, விட்டுக்கொடுத்து, ஒரே தாளுக்கு வந்திருந்தன.

அதே கான்குனில்தான் பருத்தியும் பேசப்பட்டது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

மேற்கு ஆப்பிரிக்காவில் பருத்தி நம் கரிசல் பருத்தி மாதிரியேதான். மழையை நம்பிய விவசாயம், சிறு நிலம், வெடித்த பருத்தியைக் கையால் எடுப்பது. சுமார் ஒரு கோடி பேர் அதை நம்பிப் பிழைக்கிறார்கள். 2001-02-ல் அமெரிக்கா தன் பருத்தி விவசாயிகள் சுமார் 25,000 பேருக்கு 300 கோடி டாலருக்கு மேல் மானியம் கொடுத்தது. அந்த மானியத்தால் கூடுதலாக விளைந்த பஞ்சு உலகச் சந்தையில் கொட்டி, விலை விழுந்தது. 2003 ஜூன் 10-ம் தேதி புர்கினா ஃபாசோ அதிபர் பிளேஸ் கொம்பாவோரே நேராக ஜெனீவாவுக்கே வந்து முறையிட்டார். அந்த நான்கு நாடுகளும் உதவி கேட்கவில்லை. மானியத்தை நிறுத்துங்கள், நிறுத்தும்வரை எங்களுக்கு ஏற்படும் இழப்பைக் கொடுங்கள் என்பதுதான் அவர்கள் கேட்டது.

கான்குனில் மாநாட்டுத் தலைவர் டெர்பெஸ் சுற்றுக்கு விட்ட வரைவில் இதற்குக் கிடைத்த பதில், பருத்தியை நம்பியிருக்கும் நாடுகள் வேறு தொழில்களுக்கு விரிந்து போக உலக வங்கி போன்ற நிறுவனங்களின் ஏற்கனவே உள்ள திட்டங்கள் மூலம் வழி பார்க்கலாம் என்பது. மானியம் கொடுக்கும் நாடு தன் போக்கில் கொடுக்கும், விவசாயி பருத்தியை விட வேண்டும். இதைப் படித்த ஆப்பிரிக்க அமைச்சர்கள் எப்படிக் கொதித்திருப்பார்கள் என்று கரிசலில் பிறந்தவனுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. மறுநாள், செப்டம்பர் 14, மூடிய அறையில் முதலீடு உள்ளிட்ட அந்த நான்கு விஷயங்களை எடுத்தபோது ஆப்பிரிக்க நாடுகள் ஒரேயடியாக மறுத்துவிட்டன. ஐரோப்பிய ஒன்றியம் கடைசி நேரத்தில் சிலவற்றைக் கைவிடத் தயார் என்றபோதும் அசையவில்லை. மாநாடு அங்கேயே முடிந்தது.

2004 ஜூலையில் நான்கில் மூன்று விஷயங்கள் தோஹாப் பேச்சுவார்த்தையிலிருந்து நீக்கப்பட்டன. மாறன் தோஹாவில் கேட்டதில் பெரும்பகுதி அவர் இறந்து எட்டு மாதம் கழித்துக் கிடைத்தது. அதை வாங்கித் தந்தது நாம் மட்டும் அல்ல. பருத்தியில் அவமானப்பட்டவர்கள் காட்டிய உறுதியும் சேர்ந்துதான் அதை வாங்கியது.

அதற்கு நாம் திருப்பிச் செய்தது என்ன?

கான்குன் முடிந்த சில வாரங்களில் கொலம்பியா, பெரு, ஈக்வடார், கோஸ்டா ரிகா, குவாத்தமாலா என்று ஒவ்வொன்றாக ஜி-20-லிருந்து விலகின. அமெரிக்காவோடு தனி ஒப்பந்தம் பேசிக்கொண்டிருந்த நாடுகள் அவை, நெருக்கடி புரிகிறது. பெரியவர்களுக்கோ வேறு விதமான அழைப்பு வந்தது. அமெரிக்கா, ஐரோப்பிய ஒன்றியம், ஆஸ்திரேலியாவோடு இந்தியாவும் பிரேசிலும் சேர்ந்து ஐந்து பேர் மட்டும் பேசும் அறை திறந்தது. அந்த அறைக்குள் ஆப்பிரிக்கா இல்லை. பருத்தியை வேகமாகவும் தனிக் கவனத்தோடும் தீர்ப்போம் என்று 2004 ஜூலையில் எழுத்தில் கொடுத்தார்கள். உள்நாட்டு மானிய விஷயத்தில் அது இன்றுவரை எழுத்தாகவே இருக்கிறது.

2008 ஜூலையில் ஜெனீவாவில் மறுபடி கூடினார்கள். இப்போது உள்ளறையில் ஏழு பேர், அதிலும் ஆப்பிரிக்கா இல்லை. பேச வேண்டிய விஷயங்கள் இருபது. பதினெட்டில் கிட்டத்தட்ட ஒத்துப்போய்விட்டார்கள். இறக்குமதி திடீரென்று பெருகினால் விவசாயியைக் காக்க வரியைக் கூட்டும் சிறப்புப் பாதுகாப்பு ஏற்பாடுதான் பத்தொன்பதாவது. நம் அன்றைய வணிக அமைச்சர் கமல்நாத் அதில் விட்டுக்கொடுக்கவில்லை, பிரேசிலோ உலக வர்த்தக அமைப்பின் தலைமை இயக்குநர் லாமி சொன்ன சமரசத்தை ஏற்றுக்கொண்டு நம்மைவிட்டு விலகியது, பேச்சு முறிந்தது. நம் விவசாயிக்காக நின்றது சரிதான், இன்றும் அதை நான் சரி என்றே சொல்வேன். ஆனால் இருபதாவது விஷயம் பருத்தி. அதை யாரும் எடுக்கவேயில்லை. அறைக்கு வெளியே காத்திருந்த மாலிக்காரர் தன் ஊருக்குப் போய் என்ன சொல்லியிருப்பார்?

பிரேசில் தனி வழக்கு போட்டு அமெரிக்கப் பருத்தி மானியம் விதி மீறல் என்று தீர்ப்பு வாங்கியது. பெனினும் சாடும் அந்த வழக்கில் மூன்றாம் தரப்பாகச் சேர்ந்திருந்தன. 2005-ல் மேல்முறையீட்டிலும் பிரேசில் வென்றது. மானியத்தைத் திருத்துவதற்குப் பதில் அமெரிக்கா 2010 முதல் வருடத்துக்கு 14.73 கோடி டாலர் பிரேசில் பருத்தித் துறைக்குக் கொடுக்க ஒப்புக்கொண்டது. 2014-ல் இன்னும் 30 கோடி டாலர் கொடுத்துக் கணக்கை முடித்தது. பிரேசிலும் அமெரிக்காவின் அப்போதைய வேளாண் சட்டம் முடியும்வரை புது வழக்கு போடமாட்டோம் என்று ஒத்துக்கொண்டது. பெனினுக்கும் சாடுக்கும் ஒரு காசு இல்லை.

கொரோனா காலத்திலும் இதே கதைதான். 2020 அக்டோபர் 2-ம் தேதி நாமும் தென்னாப்பிரிக்காவும் கொரோனா தடுப்பூசி, மருந்து, பரிசோதனைக் கருவிகளுக்குக் காப்புரிமை உள்ளிட்ட அறிவுசார் சொத்துரிமைகளிலிருந்து விலக்கு கேட்டபோது அறுபதுக்கு மேற்பட்ட நாடுகள் நம்மோடு கையெழுத்துப் போட்டன. கடைசி வரைவு உருவானது அமெரிக்கா, ஐரோப்பிய ஒன்றியம், இந்தியா, தென்னாப்பிரிக்கா என்ற நான்கு பேர் அறையில். 2022 ஜூனில் வெளிவந்தது தடுப்பூசிக்கு மட்டும், காப்புரிமைக்கு மட்டும் என்று சுருங்கிப்போன முடிவு. மருந்தும் பரிசோதனைக் கருவியும் ஆறு மாதத்தில் பார்க்கலாம் என்றார்கள், பார்க்கவில்லை.

இனி நம் அரிசிக்கு வருகிறேன், ஏனென்றால் நமக்கு உயிர்நாடி அதுதான். அரசு நெல் கொள்முதல் செய்யும்போது மானியம் எவ்வளவு என்று கணக்கிட, உலக வர்த்தக அமைப்பின் விதி 1986-88 கால விலையை அடிப்படையாக வைத்திருக்கிறது. அரிசிக்கு டன் 3,520 ரூபாய். கிலோ மூன்றரை ரூபாய். இன்றைய ஆதரவு விலைக்கும் அந்த மூன்றரை ரூபாய்க்கும் உள்ள வித்தியாசம் முழுக்க மானியமாம். அது உற்பத்தி மதிப்பில் பத்து சதவீதத்தைத் தாண்டினால் குற்றமாம். நாற்பது வருட விலைவாசி ஏற்றம் விவசாயிக்குக் கொடுத்த சலுகையாகக் கணக்கில் ஏறுகிறது. 2018-19-ல் நாம் அரிசியில் அந்த எல்லையைத் தாண்டினோம். 2013 பாலி மாநாட்டில் வாங்கிய, எல்லை தாண்டினாலும் வழக்கு போடக்கூடாது என்ற சமாதான விதியைக் காட்டி வழக்கிலிருந்து தப்பினோம்.

ஆனால் அந்தச் சமாதான விதி பாலி முடிவு வந்த நாளில் ஏற்கனவே நடந்துகொண்டிருந்த திட்டங்களுக்குத்தான் பொருந்தும். நாளைக்கு மாலியோ சாம்பியாவோ தன் மக்களுக்குப் புதிதாகத் தானியக் கொள்முதல் ஆரம்பித்தால் அந்தப் பாதுகாப்பு கிடையாது. நாம் முன்பே உள்ளே இருந்ததால் நமக்கு மட்டும் கதவு அடைபடவில்லை. நிரந்தரத் தீர்வு வேண்டும் என்று நாம் கேட்கும்போது, புதிதாக வருகிறவர்களுக்கும் அதே உரிமை என்பதை முதல் வரியாக வைக்க வேண்டும். 2022 மே மாதம் ஜி-33 (சிறு விவசாயிகளைக் காக்க நிற்கும் வளரும் நாடுகளின் அணி), ஆப்பிரிக்கக் குழு, ஆப்பிரிக்க-கரீபியன்-பசிபிக் நாடுகள் சேர்ந்து இந்த விஷயத்தில் கூட்டு வரைவு கொடுத்தன. அதுதான் சரியான வழி. அந்தத் தாளை விட்டு ஒரு அடியும் தனியாக நகராதீர்கள். 2014 நவம்பரில் அமெரிக்காவோடு இரண்டு பேராகப் பேசி முடித்துவிட்டு மற்றவர்களிடம் காட்டிய முறை வேண்டாம்.

இதில் நம் பக்கம் சரிசெய்ய வேண்டியதும் இருக்கிறது. உலக அரிசி ஏற்றுமதியில் சுமார் நாற்பது சதவீதம் நம்முடையது. 2022 செப்டம்பரில் குருணை அரிசி ஏற்றுமதியை நிறுத்தினோம், 2023 ஜூலையில் பாசுமதி அல்லாத வெள்ளை அரிசியை நிறுத்தினோம். உள்நாட்டு விலை ஏறும்போது அரசு தன் மக்களைத்தான் முதலில் பார்க்கும், அதில் தப்பில்லை. ஆனால் குருணையில் மீன் போட்டுச் சமைப்பதுதான் செனகல் மக்களின் தேசியச் சாப்பாடு. நமக்கு மாட்டுத் தீவனமும் எத்தனால் ஆலைக்கான சரக்குமாகத் தெரியும் குருணை அவர்களுக்கு மத்தியானச் சோறு. பிறகு சில நாடுகள் கேட்டு வந்தபோது அரசு வழியாகக் கொஞ்சம் அனுமதித்தோம், குருணைத் தடை 2025 மார்ச்சில்தான் முழுதாக நீங்கியது. இறக்குமதியை நம்பியிருக்கும் ஏழை நாடுகளுக்கு முன்கூட்டியே சொல்வோம், அவர்களுக்கென ஒரு அளவை ஒதுக்கிவிட்டுத்தான் தடை போடுவோம் என்று நாமாகவே உறுதி கொடுத்தால், அரிசி விஷயத்தில் நம் பக்கம் நிற்க அவர்களுக்கு ஒரு காரணம் கிடைக்கும்.

பாகிஸ்தானும் தாய்லாந்தும் நம் சேமிப்பு அரிசி ஏற்றுமதிச் சந்தைக்குள் கசிகிறது என்கின்றன. அவர்களும் வளரும் நாடுகள்தான். கிட்டங்கியிலிருந்து எவ்வளவு எங்கே போகிறது என்ற கணக்கை வருடா வருடம் வெளிப்படையாக வைத்துவிட்டால் அந்தப் பேச்சு தானாக அடங்கும்.

2024 அபுதாபி மாநாட்டில் முதலீட்டு ஒப்பந்தத்தை நாமும் தென்னாப்பிரிக்காவும் தடுத்து நிறுத்தினோம். கொள்கையளவில் எனக்கு உடன்பாடுதான். ஆனால் அதை ஆதரித்தவை நூற்றிருபதுக்கு மேற்பட்ட நாடுகள், அவற்றில் பெரும்பாலானவை வளரும் நாடுகள். தோஹாவிலும் கான்குனிலும் முதலீடு வேண்டாம் என்று நம்மோடு நின்ற பக்கத்திலிருந்தே பலர் இன்று எதிரே நிற்கிறார்கள். முதலீடு வந்தால் போதும் என்ற நிலையில் இருக்கிறார்கள். அவர்களைத் தடுக்க நமக்கு அதிகாரம் இருக்கிறது, சரி. அவர்கள் ஏன் அங்கே போனார்கள் என்று தனித்தனியாகப் போய்க் கேட்டோமா?

2025 ஏப்ரல் 2-ம் தேதி அமெரிக்கா ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு வரி அறிவித்தது. வியட்நாமுக்கு 46 சதவீதம், இலங்கைக்கு 44, வங்கதேசத்துக்கு 37, நமக்கு 26, சின்னஞ்சிறு லெசோத்தோவுக்கு 50. எல்லாமே துணி தைத்து விற்கும் நாடுகள். ஒரு நாளாவது இவர்கள் ஒன்றாக உட்கார்ந்து பேசியிருக்கலாம். தனித்தனியாக வாஷிங்டனுக்கு வரிசையில் போய் நின்றார்கள், நாமும் நின்றோம். வங்கதேசத்துக்கு எவ்வளவு குறைந்தது என்று திருப்பூரும், இந்தியாவுக்கு எவ்வளவு ஏறியது என்று டாக்காவும் பார்த்துக்கொண்டிருந்தன. ஆகஸ்டில் நமக்கு 50 சதவீதம் ஆனது. அதே ஆகஸ்டில் பருத்திக்கு இருந்த 11 சதவீத இறக்குமதி வரியை 2025 முடியும்வரை நாம் எடுத்துவிட்டோம். மில்களின் கஷ்டம் எனக்குத் தெரியும். ஆனால் மானியத்தில் விளைந்த பஞ்சு மலிவாக உள்ளே வந்தால் எங்கள் ஊரில் பருத்தி போட்டவன் நிலையும் மாலியில் போட்டவன் நிலையும் ஒன்றுதான்.

அதனால்தான் பருத்தியிலிருந்து ஆரம்பிக்கச் சொல்கிறேன். நம் பருத்திக்கும் ஆதரவு விலை இருக்கிறதே, அதை மேற்கு ஆப்பிரிக்கர்கள் கேள்வி கேட்டால் என்ன செய்வது என்ற தயக்கம் உங்களிடம் இருக்கலாம். கேட்கட்டும். கான்குனுக்கு முன் பிரேசிலோடு உட்கார்ந்து தீர்த்துக்கொண்டதைப் போல அவர்களோடும் மாநாட்டுக்கு முன்பே தீர்த்துக்கொள்ளலாம். சிறு விவசாயிக்கு விலை உறுதி கொடுப்பதற்கும் பெரும் பண்ணைக்குக் கோடிகளைக் கொட்டுவதற்கும் வித்தியாசம் அவர்களுக்கும் தெரியும். 2012-லிருந்து சில வருடம் நம் பருத்தி நிபுணர்கள் அந்த நாடுகளுக்குப் போய்த் தொழில்நுட்ப உதவி செய்திருக்கிறார்கள். அறிமுகம் இல்லாதவர்கள் அல்ல நாம்.

நடைமுறையில் நான் கேட்பது இவ்வளவுதான். அடுத்த ஜி-33 கூட்டத்துக்கு அந்த நான்கு பருத்தி நாடுகளையும் அழையுங்கள். அரிசிக்கான பத்தியும் பருத்திக்கான பத்தியும் ஒரே வரைவில் இருக்கட்டும், ஒன்றைப் பிரித்து மற்றதை மட்டும் ஏற்க முடியாதபடி எழுதுங்கள். ஐந்து பேர், ஏழு பேர் என்று யாராவது உள்ளறைக்குக் கூப்பிட்டால் ஆப்பிரிக்கக் குழுவிலிருந்து ஒருவர் உடன் வராமல் உள்ளே போகாதீர்கள். தனியாக யாராவது சலுகை காட்டினால் அன்றைக்கே கூட்டாளிகளிடம் சொல்லுங்கள். ஜெனீவாவில் பல சின்ன நாடுகளின் அலுவலகத்தில் இரண்டு மூன்று பேர்தான் இருப்பார்கள், அவர்களே மற்ற எல்லா சர்வதேச அமைப்புகளின் கூட்டங்களுக்கும் ஓட வேண்டும். மானியக் கணக்கைப் பிரித்துப் படிக்க அவர்களுக்கு ஆள் இல்லை. நம்மிடம் இருக்கிறார்கள். தெற்கு நாடுகளுக்காகவே ஜெனீவாவில் இயங்கும் சவுத் சென்டர் இருக்கிறது. அதற்கு முன்னோடியான தெற்கு ஆணையத்துக்கு ஜூலியஸ் நைரேரே தலைவராகவும் மன்மோகன் சிங் செயலாளராகவும் இருந்தார்கள். அங்கே நம் வல்லுநர்களை அனுப்பி, மாலிக்கும் சாடுக்கும் வேண்டிய கணக்கை அவர்களுக்காகவே போட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள்.

அந்தக் கூட்டு வரைவு தயாரானதும் நாடாளுமன்றத்திலும் மாநில அரசுகளின் பார்வைக்கும் வையுங்கள். அதில் பருத்திப் பத்தி எங்கே இருக்கிறது என்று நாங்கள் தேடிப் படிப்போம்.

இப்படிக்கு,
கரிசல் காட்டுப் பருத்தி விவசாயக் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவன்